மொரீஷியஸ் மாமனாரின் பூர்வீக ஊர்: பெயரை வைத்துத் தேடினால் கிடைக்கவில்லை, வழி சொல்லுங்கள்

ரோஸ்ஹில் மருமகள்:
வணக்கம். நான் கும்பகோணத்துப் பெண். கல்யாணமாகி மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் வழியில் வந்தவர் என் மாமனார். வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து வந்த கிரியோல் மொழிதான். ஆனாலும் தைப்பூசக் காவடி விரதத்தை அவர் விட்டதே இல்லை. தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவார். கப்பலேறி வந்தவர் பிறந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. 'ஆற்காடு' என்று அவருடைய பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறார். அதை நம்பி, இந்தக் காவடி முடிந்ததும் ஆற்காட்டுக்குப் போக டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குத்தான் கவலை. குடும்பப் பெயர் வீராப்பென். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பழைய குடியேற்றப் பதிவேடுகள் இருப்பதால் அங்கே விசாரித்தேன். அந்தப் பெயரில் ஏகப்பட்ட பேர் வந்திருக்கிறார்களாம். கப்பல் பெயரும் தெரியாது, வருடமும் தெரியாது. போதாததற்கு மாமனாருடைய தாத்தாவின் தம்பி வழியினருக்குக் குடும்பப் பெயர் மூரூகேன். ஒரே குடும்பத்துக்கு எப்படி இரண்டு பெயர்? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பழைய காகிதம்:
தங்கச்சி, பெயரை விட்டுவிடுங்கள், எண்ணைத் தேடுங்கள். 1834 முதல் 1910 வரை அந்தத் தீவுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய நாலரை லட்சம் பேர். கல்கத்தா, சென்னை, பம்பாய் என மூன்று துறைமுகங்களிலிருந்தும் வந்தார்கள். போர்ட் லூயிஸில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேறி எண் கொடுத்தார்கள். அங்கே பிள்ளை பிறந்தாலும், கல்யாணம் நடந்தாலும், ஆள் இறந்தாலும் அந்த எண்ணைச் சேர்த்தே பதிந்தார்கள்.

அதனால் கீழிருந்து மேலே போங்கள். மாமனாரின் பிறப்புப் பதிவு, அவருடைய அப்பாவுடையது, பிறகு தாத்தாவுடையது. சுருக்கச் சான்றிதழ் போதாது. பதிவேட்டுப் பக்கத்தின் முழு நகலைக் கேளுங்கள். தாத்தா தீவில் பிறந்தவர் என்றால், அவருடைய அப்பா பெயருக்குப் பக்கத்தில் எண் இருக்க வேண்டும்.

இரண்டு பெயர் வந்ததில் ஆச்சரியம் இல்லை. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? எழுத்தர்கள் அப்பாவின் பெயரைப் பிள்ளைக்குக் குடும்பப் பெயராக எழுதினார்கள். தம்பியின் பெயர் முருகனாக இருந்திருக்கும், அது அவர் பிள்ளைகளுக்கு மூரூகேன் ஆகியிருக்கும். உங்கள் பக்கத்தில் வீரப்பன் என்பதே தாத்தாவின் பெயராக இருக்கலாம். அப்படியானால் கப்பலில் வந்தவர் பெயர் வேறு. அந்தப் பெயரில் நீங்கள் எவ்வளவு தேடினாலும் அவர் கிடைக்க மாட்டார்.

போர்ட் லூயிஸ்காரன்:
அண்ணன் சொன்னது சரி. எண் கிடைத்ததும் மோக்காவில் புகைப்படம் இருக்கிறதா என்றும் கேளுங்கள் அக்கா. 1867 சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்த கூலிகள் படம் ஒட்டிய சீட்டு ஒன்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் வெளியே போனால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்தக் கொடுமையை எதிர்த்துத்தான் 1871-இல் 9,401 பேர் மனு கொடுத்தார்கள், அதன் பிறகு விசாரணைக் குழு வந்தது. அடக்கி வைக்க எடுத்த படங்கள்தான், ஆனாலும் பல குடும்பங்களுக்கு முன்னோரின் முகம் என்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். போகும்போது உறவை நிரூபிக்கும் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துப் போங்கள்.

ஒருவேளை எவ்வளவு மேலே போனாலும் எண்ணே வராவிட்டால், குடும்பம் கூலிக் காலத்துக்கு முந்தியதாக இருக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியிலிருந்து கொத்தனார், தச்சர் என்று கைத்தொழில்காரர்களை அழைத்து வந்தார்கள். அவர்களுக்கு இந்த எண் கிடையாது, தேடும் இடமும் வேறு.

ரோஸ்ஹில் மருமகள்:
எல்லாருக்கும் நன்றி. எண் கிடைத்துவிட்டது! தாத்தா பெயர்தான் வீரப்பன். வந்தவர் பெயர் குப்பன், பதிவில் கூப்பென். 1870களில் சென்னையிலிருந்து கப்பலேறியிருக்கிறார். படமும் இருக்கிறது. மாமனார் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை.

மாவட்டம் 'சவுத் ஆர்காட்' என்று இருக்கிறது. தாலுகா சரியாகப் படிக்க முடியவில்லை, 'சில்லம்' என்று தொடங்குகிறது. கிராமம் 'பட்டு' என்று முடிகிறது. முன்பாதியில் மை பரவிவிட்டது. ஆற்காட்டில் யாரைப் போய்ப் பார்ப்பது?

திண்டிவனம் வாத்தியார்:
அம்மா, ஆற்காட்டு டிக்கெட்டை முதலில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். ஆற்காடு ஊர் இருந்தது வட ஆற்காடு மாவட்டத்தில். உங்கள் பதிவு தென் ஆற்காடு. அதற்குத் தலைநகர் கடலூர். திண்டிவனம், விழுப்புரம், விருத்தாசலம், சிதம்பரம் எல்லாம் அதில்தான் இருந்தன. பாட்டி சொன்னதும் பொய்யில்லை. மாவட்டப் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்.

'சில்லம்' அநேகமாகச் சிதம்பரம். வெள்ளைக்காரர் காலத்துக் காகிதங்களில் அதைச் 'சில்லம்பரம்' என்றே எழுதியிருக்கிறார்கள். 'பட்டு' என்று முடியும் ஊர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு, அதனால் அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பழைய சிதம்பரம் தாலுகாவின் வருவாய்க் கிராமப் பட்டியலை எடுத்து, முதல் எழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய தாலுகா இன்று பிரிந்து கிடக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கமும் சேர்த்துப் பாருங்கள்.

பழைய காகிதம்:
இன்னொன்று சொல்ல வேண்டும். பதிவில் சாதி என்றும் ஒரு கட்டம் இருக்கும். அதைச் சொல்லிக்கொண்டு ஊருக்குள் விசாரிக்கப் போகாதீர்கள். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியதுதான் பல இடங்களில். 'மலபார்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் தமிழர் என்றுதான் பொருள். அதோடு, பஞ்சத்துக்கும் கடனுக்கும் மட்டும் அல்ல, ஊரின் கொடுமைக்குத் தப்பியும் பலர் கப்பலேறினார்கள். மாமனார் ஆசையாக வந்து நிற்கும்போது முதல் கேள்வியே அதுவாக இருக்க வேண்டாம்.

போர்ட் லூயிஸ்காரன்:
அக்கா, சேர்த்த நகல்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மொரீஷியஸில் இந்திய வம்சாவளியினர் ஏழாவது தலைமுறை வரை ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2024 மார்ச்சில் இந்தியா அறிவித்தது. வம்சாவளியைக் காட்ட இதே காகிதங்கள்தான் வேண்டும்.

திண்டிவனம் வாத்தியார்:
கிராமப் பெயர் உள்ள வரியை மட்டும் பெரிதாகப் படமெடுத்து இங்கே போடுங்கள் அம்மா. ஆள் பெயரும் எண்ணும் தெரிய வேண்டாம். அதே பக்கத்தில் அந்த எழுத்தர் எழுதிய வேறு நாலைந்து ஊர்ப் பெயர்களும் தெரிந்தால் நல்லது. அவர் கையெழுத்துப் பிடிபட்டால் முன்பாதியையும் படித்துவிடலாம்.