யெகாதெரின்பர்க் தாதாக்களின் கல்லறைகள்: கையில் கார் சாவி எதற்கு?

கரும்பலகை:

வணக்கம் நண்பர்களே. ரஷ்யாவின் யெகாதெரின்பர்க் நகரில் ஷிரோகோரெச்சென்ஸ்கோயே என்ற கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1990களில் கும்பல் சண்டையில் செத்தவர்களுக்கு அங்கே ஆளை விட உயரமான கறுப்புக் கற்கள் நட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லில் ஆள் அச்சு அசலாக, தலை முதல் கால் வரை நிற்கிறார். தோல் ஜாக்கெட், கழுத்துச் சங்கிலி. ஒருவர் கையில் மெர்சிடிஸ் சாவி.

இது ரஷ்யச் சிறைகளின் பச்சைக் குத்து மாதிரி ஒரு குறியீட்டு மொழியா? சாவிக்கு ஒரு பொருள், பிர்ச் மரத்துக்கு ஒரு பொருள், ரோஜாவுக்கு ஒரு பொருள் என்று இணையத்தில் பட்டியல் போடுகிறார்கள். நம்பலாமா? அந்தப் படத்தைக் கல்லில் எப்படிக் கொண்டுவருகிறார்கள்? அடக்கத்தின்போது தனிச் சடங்கு ஏதும் உண்டா? விஷயம் தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

வடதிசை:

அந்தப் பட்டியல்களை ஒதுக்கிவையுங்கள். பச்சைக் குத்தின் அகராதியை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனால் முதல் அடியிலேயே தப்பு.

பச்சைக் குத்து யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும். அது சிறைக்குள் வளர்ந்த பழைய திருடர் மரபு. அதன் உச்சியில் இருப்பவரை ‘வோர் வ ஸகோனே’ என்பார்கள். திருடர் சட்டத்தின்படி வாழ்பவர் என்று பொருள். காறையெலும்பில் எட்டுமுனை நட்சத்திரம், நெஞ்சில் தேவாலயக் கோபுரம், எத்தனை கோபுரமோ அத்தனை முறை உள்ளே போனவர் என்பதெல்லாம் அவர்கள் கணக்கு. அந்தச் சட்டப்படி அவர்கள் குடும்பம் வைத்துக்கொள்ளக் கூடாது, அரசிடம் வேலை பார்க்கக் கூடாது, சொத்து சேர்க்கக் கூடாது. கையில் இருப்பது ‘ஒப்ஷ்சாக்’ என்ற பொதுப்பணப் பெட்டிக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட மரபு கார் சாவியோடு ஆளைக் கல்லில் நிறுத்துமா?

யெகாதெரின்பர்க்கின் 90கள் வேறு கதை. ஊரில் பெரிய கும்பல்கள் இரண்டு. ‘உரல்மாஷ்’ கும்பல் அதே பெயருள்ள கனரக இயந்திர ஆலைப் பகுதியிலிருந்து வந்தது. மல்யுத்தம், பனிச்சறுக்கு என்று விளையாட்டுப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் அதில் நிறைய. சிறையையே பார்க்காதவர்களும் உண்டு. எதிரணி நகர் மையத்தைப் பிடித்து வைத்திருந்த ‘மையக் கும்பல்’. 1991 ஜூனில் உரல்மாஷ் தலைவர்களில் ஒருவரான கிரிகோரி சிகனோவ் கொல்லப்பட்டார். 1992 அக்டோபரில் மையக் கும்பலின் ஓலெக் வாகின் மெய்க்காவலர்களோடு சேர்த்துச் சுடப்பட்டார். மையக் கும்பல்காரர்கள் பெரும்பாலும் ஷிரோகோரெச்சென்ஸ்கோயேயில் கிடக்கிறார்கள், உரல்மாஷ்காரர்கள் வடக்குக் கல்லறைத் தோட்டத்தில். எந்தத் தோட்டம் என்பதே எந்த அணி என்று சொல்லிவிடும். கல்லில் இருக்கும் எந்தப் பூவையும் விட நம்பகமான அடையாளம் அதுதான்.

சாவிக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது மிகாயில் குச்சினின் கல், 1994. அந்தச் சாவிக்கு மறைபொருள் கிடையாது. அதற்குச் சில வருடம் முன்பு வரை அந்த ஊர் வெளிநாட்டவர் நுழைய முடியாத ‘மூடிய நகரம்’. மெர்சிடிஸ் என்பது பார்க்கவே கிடைக்காத பொருள். அந்தச் சாவியைக் கையில் கொடுத்து நிறுத்தியவர்கள், “எங்கள் ஆள் ஜெயித்தவன்” என்று ஊருக்கு உரக்கச் சொல்கிறார்கள். ரகசியக் குறி என்பது தெரிந்தவனுக்கு மட்டும் தெரிய வேண்டியது. இந்தக் கற்கள் நேர் எதிர். நடைபாதையில் போகிற பாட்டிக்கும் புரிய வேண்டும் என்றுதான் மூன்று மீட்டர் உயரத்தில் நிற்கின்றன.

இந்த வடிவத்தைக் கும்பல்காரர்கள் கண்டுபிடிக்கவும் இல்லை. சோவியத் காலத்தில் தளபதிக்கும் ஆலை இயக்குநருக்கும் இப்படித்தான் உருவம் வைத்தார்கள், பதக்கங்களோடு. போர்க்கால மருத்துவமனைகளில் இறந்த வீரர்களின் நினைவிடம் இதே ஷிரோகோரெச்சென்ஸ்கோயேயில்தான் இருக்கிறது. அரசு தன் பெரிய மனிதர்களுக்குக் கொடுத்த இடத்தை இவர்கள் பணம் கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். பதக்கம் இருந்த இடத்தில் சங்கிலி, அவ்வளவுதான்.

பிர்ச் கிளை, அணைந்த மெழுகுவத்தி, தலை சாய்ந்த ரோஜா இவையெல்லாம் ரஷ்யக் கல்லறைக் கடைகளின் வழக்கமான மாதிரிப் புத்தகத்தில் இருப்பவை. ஓய்வுபெற்ற ஆசிரியையின் கல்லிலும் அதே ரோஜா இருக்கும். முறிந்த மரத்தண்டு மட்டும் கொஞ்சம் பழையது. அகாலத்தில் முடிந்த ஆயுளுக்கு அது 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே வழக்கம்.

சிற்றுளி:

கல் பற்றி நான் சொல்கிறேன்.

அந்தக் கறுப்புக் கல் பெரும்பாலும் கப்ரோ-டயாபேஸ். ரஷ்யாவின் வடமேற்கில் கரேலியாவில் ஒனேகா ஏரிக் கரையில் வெட்டுகிறார்கள். ரோப்ருச்சேய் சுரங்கம் பேர்பெற்றது. கடைக்காரர் ‘கறுப்பு கிரானைட்’ என்பார், ஆனால் கிரானைட் இல்லை. நம் திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கறுப்பும் இதற்குப் பங்காளிதான். டோலரைட் வகை, நுண்மணிக் கல். அதுவும் வெளிநாட்டுக் கல்லறைகளுக்கு ஏராளமாகப் போகிறது.

ஏன் இந்தக் கல்? பாலிஷ் போட்டால் கண்ணாடிக் கறுப்பு. அந்தப் பரப்பை ஊசியால் தட்டினால் படிகம் நொறுங்கி அந்தப் புள்ளி மட்டும் வெளிர்சாம்பலாகிறது. மையும் கிடையாது, சாயமும் கிடையாது. வெளிச்சம் தெறித்துச் சிதறுவதுதான் அந்த ‘வெள்ளை’. மணி பெரிதாக இருக்கும் கல்லில் தட்டினால் படிகம் படிகமாகப் பெயர்ந்து முகம் அம்மைத் தழும்பு போல ஆகிவிடும்.

வேலை இப்படிப் போகும். முதலில் பரப்பை ஸ்பிரிட்டால் துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் கீறல், மயிரிழை விரிசல், மின்னும் தாதுப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகத்துக்கு வரும் இடத்தில் ஒரு மின்னற்புள்ளி இருந்தால் பலகையையே மாற்ற வேண்டும். பிறகு வெள்ளைக் கார்பன் தாள் வைத்து வரைகோட்டைக் கல்லுக்கு மாற்றுவது. டங்ஸ்டன் கார்பைடு முனை ஊசியால் கோடு, அதன் பிறகு புள்ளி. நெற்றி, மூக்குத்தண்டு, சட்டைக் காலர் போன்ற வெளிச்ச இடங்களில் புள்ளி நெருக்கம். தலைமுடி, கோட்டு மடிப்பில் கல்லைத் தொடவே கூடாது. கருவிழிக்குள் ஒற்றை வெண்புள்ளி கடைசியில். ஒரு புள்ளி கூடுதலாகப் போனால் அழிக்க வழியில்லை. பரப்பு முழுவதையும் தேய்த்து மறுபடி பாலிஷ் போட வேண்டும்.

படத்தைப் பார்த்தே கைவேலையா இயந்திரமா என்று சொல்லலாம். வைர முனை இயந்திரம் வரிவரியாகப் போகும். மிக அருகில் பார்த்தால் நெசவு போல ஒழுங்கு தெரியும். கைவேலையில் புள்ளிகள் முகத்தின் வளைவோடு திரும்பும். லேசர் பின்னால் பரவியது. ஆழம் மிகக் குறைவு. நட்ட புதிதில் பளிச்சென்று இருக்கும், பிறகு கைவேலைக்கு முன்பே மங்கிவிடும்.

இன்னொன்று, குறியீடு தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. குடும்பத்தார் கொண்டுவருவது பல நேரம் பாஸ்போர்ட் படம்தான். தலை அவருடையது, உடம்பும் கோட்டும் பட்டறையில் இருக்கும் மாதிரிப் படம். தலைக்கு வெளிச்சம் இடமிருந்து, கோட்டுக்கு வலமிருந்து விழுந்தால் ஒட்டுவேலை என்று பிடித்துவிடலாம். அந்தக் கோட்டுக்குப் பொருள் தேடிப் பயனில்லை. சாவி, கார், மேசை மேல் பாட்டில் போன்றவை கேட்டுச் செய்தவை. அவற்றுக்குத்தான் பொருள் உண்டு.

கெடுவது எங்கே? முதலாவது அவசரம். புதுக்குழி மண் இறங்க ஒரு குளிர்காலமாவது வேண்டும், அதுவரை மரச்சிலுவைதான். மூன்று மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம், 12 செ.மீ. கனமுள்ள பலகை ஏறத்தாழ 1.3 டன். அதை இறங்காத மண்மேல் நட்டால் குழிப்பக்கம் சாயும். யெகாதெரின்பர்க் இருக்கும் யூரல் பகுதியில் நிலம் ஒன்றரை மீட்டருக்கும் கீழே உறைகிறது. மேலோட்டமான கான்கிரீட் பட்டையை உறைமண் ஒருபக்கமாகத் தூக்கிவிடும். ஆகவே குழிக்கு வெளியே, தோண்டாத மண்ணில் ஆழமாகத் தாங்கிகள் வைத்து, குறுக்கே விட்டம் போட்டு, அதன்மேல் பீடம் வைக்க வேண்டும். பலகையையும் பீடத்தையும் இணைக்கும் முளை துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரண இரும்பு துருவேறி உப்பி, கல்லின் அடியை V வடிவில் பிளந்துவிடும்.

இரண்டாவது துடைப்பவர்கள். பளபளப்பு வேண்டுமென்று மெழுகோ எண்ணெயோ பூசினால், நொறுங்கிய புள்ளிகளுக்குள் அது இறங்கி வெள்ளை இருண்டுவிடும், முகம் மறையும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். வெள்ளைப் பெயின்ட் தேய்த்துப் படத்தை எடுப்பாக்குவதும் வேண்டாத வேலை. சில வருடத்தில் திட்டுத்திட்டாக உரியும். எழுத்துக்குத் தங்கத்தாள் ஒட்டினால் நிற்கும், வெண்கலப் பொடிப் பூச்சு கறுத்துப் பச்சை பூக்கும்.

கரும்பலகை:

மிக்க நன்றி வடதிசை, சிற்றுளி. ஒட்டுவேலை விஷயம் எதிர்பார்க்காதது. அப்படியென்றால் பழைய மரபுத் திருடர்களின் கல்லறை எப்படி இருக்கும்? அடக்கச் சடங்கு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

நெய்தல்:

சடங்கில் பெரும்பகுதி சாதாரண ரஷ்ய மரபுவழிக் கிறிஸ்தவச் சடங்குதான். வீட்டுக் கண்ணாடிகளைத் துணியால் மூடுவார்கள். பெட்டி திறந்தே இருக்கும், பிணம் கால் முன்னாகக் கிளம்பும். வழியில் ஊசியிலைக் கிளைகள் தூவுவார்கள். பூ இரட்டைப்படையில்தான், ஒற்றைப்படை உயிரோடு இருப்பவருக்கு. தலை மேற்கே, கால் கிழக்கே. உயிர்த்தெழும்போது சிலுவையைப் பார்த்து எழ வேண்டும் என்பதால் சிலுவை முறைப்படி கால்மாட்டில் நிற்கும். எல்லாரும் ஒரு பிடி மண் போடுவார்கள். கோதுமையும் தேனும் சேர்ந்த ‘குத்யா’ முதல் கவளம். 9ஆம் நாள், 40ஆம் நாள், வருடம் என்று நினைவு விருந்து. நம் காரியம், கருமாதிக் கணக்கு மாதிரியே நாளை எண்ணுவார்கள். வோத்கா கிளாஸ் மேல் ரொட்டித் துண்டு வைத்துப் படத்தின் முன் வைப்பது மக்கள் வழக்கம். திருச்சபைக்கு அது பிடிக்காது.

கும்பல் அடக்கத்தில் கூடுவது மூன்று. செலவு பொதுப்பணத்திலிருந்து வரும். மலர்வளைய நாடாவில் பெயர் குறைவு, ஊர் அதிகம். இன்ன ஊர்ச் சகோதரர்கள் என்றுதான் இருக்கும். யார் வளையம் வந்தது, யாருடையது வரவில்லை என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். வெளியூர்த் தலைவர்கள் ஒரே இடத்தில் சேர்வதால் அடக்கத்தோடு ‘ஸ்ஹோத்கா’ என்ற கூட்டமும் நடந்துவிடும். அதனால்தான் போலீஸ் வாசலில் கேமராவோடு நிற்கிறது. மரியாதைக்கு வராமல் இருக்கவும் முடியாது, வந்தால் படத்தில் விழாமல் இருக்கவும் முடியாது. எனக்கு இதில் கல்லை விட நாடாதான் முக்கியமான ஆவணமாகப் படுகிறது. கல் பத்து வருடம் கழித்தும் மாறலாம். நாடா அன்றைய கூட்டணியை அப்படியே காட்டும்.

மரபுத் திருடர்கள் விஷயம். ‘யபோன்சிக்’ என்ற வியாச்செஸ்லாவ் இவான்கோவ் 2009 ஜூலை 28 மாஸ்கோவில் சுடப்பட்டு அக்டோபர் 9 இறந்தார். 13ஆம் தேதி வாகன்கோவோ கல்லறைத் தோட்டத்தில், தாயின் குழிக்கு அருகே அடக்கம். மையமான பழைய தோட்டங்களில் புது இடம் கிடைப்பதில்லை. குடும்பக் குழி இருந்தால்தான் வழி. 2013 ஜனவரி 16 கொல்லப்பட்ட ‘ஹசன் தாத்தா’ அஸ்லான் உசோயானை ஜார்ஜியாவின் திபிலிசிக்குக் கொண்டுபோக முயன்று முடியாமல், மாஸ்கோவின் ஹவான்ஸ்கோயே தோட்டத்தில் புதைத்தார்கள். ஆகவே இடத்தை வைத்துத் தகுதியைக் கணிக்கும்போது நிதானம் வேண்டும். சில நேரம் இடம் அனுமதியைப் பொறுத்தது.

வாகன்கோவோவிலேயே 1994 ஏப்ரலில் சுடப்பட்ட மாஸ்கோ தாதா ஓத்தாரி குவந்திரிஷ்விலியும் அவருக்கு முந்தைய வருடம் கொல்லப்பட்ட அண்ணன் அமிரானும் சேர்ந்து கிடக்கிறார்கள். அங்கே ஆளுயரப் படம் இல்லை. இறக்கை விரித்த தேவதூதர் சிலை. அதே வருடங்கள், அதே வகைச் சாவு, ஆனால் யூரலின் கறுப்புப் பலகை இல்லை. ஆக அந்தப் பலகை பாணியை ‘ரஷ்ய மாஃபியா’ பாணி என்று மொத்தமாகச் சொல்லக் கூடாது.

பழைய அஞ்சல்:

நெய்தல் சொன்ன மலர்வளைய விஷயம் உலகம் முழுக்க உண்டு. சிகாகோவில் 1924 நவம்பரில் தன் பூக்கடையிலேயே சுடப்பட்ட கும்பல் தலைவர் டீன் ஓபேனியனுக்கு லாரி லாரியாகப் பூ வந்தது, எதிரிகளிடமிருந்தும். ஆனால் கத்தோலிக்க மறைமாவட்டம் திருப்பலி மறுத்துவிட்டது. அதே ஊர்த் தாதா அல் கப்போனின் கல்லில் “என் இயேசுவே இரக்கம்” என்ற ஒற்றை வரிதான்.

இத்தாலியில் இன்னும் ஒரு படி மேலே போய், கும்பல் தலைவர்களுக்குப் பொது ஊர்வலத்தையே மாகாணப் போலீஸ் தலைமை தடை செய்ய முடியும். விடியற்காலையில் நெருங்கிய குடும்பம் மட்டும். 2015 ஆகஸ்டில் ரோமில் விட்டோரியோ கஸமோனிக்காவுக்குக் குதிரை வண்டி, ஹெலிகாப்டரிலிருந்து ரோஜா இதழ் என்று நடந்தபோது நாடே கொந்தளித்தது அதனால்தான்.

கல்லில் ஆளை நிறுத்தாமல் வீட்டையே கட்டிவிடுவது மெக்சிகோ வழி. குலியகான் நகரின் ஹார்தினெஸ் தெல் உமாயாவில் குவிமாடம் வைத்த மாடிக் கட்டடங்கள், உள்ளே ஏ.சி. கரும்பலகை, அடுத்து அதைப் பாருங்கள். அங்கே பெயரே எழுதாத கட்டடங்களும் உண்டு. யூரலில் முகம் பெரிதாக இருப்பதற்கும் அங்கே பெயர் இல்லாமல் இருப்பதற்கும் காரணம் தேடினால், 2010 ஜனவரியில் போதைக் கும்பல் தலைவர் அர்த்துரோ பெல்த்ரான் லெய்வாவின் சமாதியில் வெட்டிய தலையைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து தொடங்கலாம்.

சிற்றுளி:

ஒரு திருத்தம். முதலில் தங்கத்தாள் ‘நிற்கும்’ என்றேன். எழுத்து V வடிவில் ஆழமாக வெட்டப்பட்டிருந்தால் மட்டும். மணல் வீச்சில் மேலோட்டமாக எடுத்த எழுத்தில் அதுவும் உரியும்.