மறு: டொமெஸ்டிகேஷன் – பயிரிடலா, பயிராக்கமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கான அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும், ‘டொமெஸ்டிகேஷன்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறேன். ‘பயிரிடல்’ ஏன் போதாது என்று இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்.

சுமார் 11,500 ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆசியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையிலும் ஜோர்டான் பள்ளத்தாக்கிலும் காட்டுக் கோதுமை, காட்டு பார்லி இவற்றை மக்கள் விதைத்து அறுத்திருக்கிறார்கள். ஆனால் செடி இன்னும் காட்டுச்செடிதான். முற்றியதும் கதிர் கணுக்கணுவாக ஒடிந்து மணி கொட்டிவிடும். அரிவாளுக்கு அதிகம் கிடைத்தது கொட்டாமல் நின்ற கதிர், அதுவே அடுத்த விதைப்புக்கு விதை, இப்படியே யாரும் திட்டமிடாமல் கொட்டாத வகை பெருகி நிலைக்க ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஆக, கல்டிவேஷன் (விதைத்து அறுப்பது) மனிதர் செய்த வேலை, டொமெஸ்டிகேஷன் செடிக்குள் நடந்த மாற்றம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதில் “பயிரிடலுக்கு முந்தைய பயிரிடல்” என்று ஒரு தலைப்பு வந்து நிற்கிறது. பதினோராம் வகுப்புப் பிள்ளை அதை எப்படிப் படிக்கும்?

> இலத்தீனில் டோமுஸ் என்றால் வீடு, எனவே ‘மனைப்படுத்தல்’

ஐயா, அவர்கள் வேரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? கலிலேயாக் கடலோரம் ஒகாலோ என்ற தொல்குடியிருப்பில் 23,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டுத் தானியம் குடிசைக்குள் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததால் செடி மாறிவிடவில்லையே.

> குறளில் ‘பைங்கூழ்’ இருக்கிறது, ‘பைங்கூழாக்கம்’ எனலாம்

அழகுதான், பைங்கூழ் என்றால் பசும்பயிர். ஆனால் இன்று கூழ் என்றால் கேழ்வரகுக் கூழ்தான் நினைவுக்கு வரும். ‘பயிராக்கம்’ போதும்: காட்டுச்செடி பயிராக ஆவது. (குறுந்தொகையில் பல்லி தன் துணையைப் ‘பயிரும்’, அதாவது அழைக்கும். அது வேறு சொல்தான், ஆனாலும் செடியை மனிதர் அழைத்தார்களா, மனிதரைச் செடி அழைத்ததா என்று நேற்று ராத்திரி வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.)

பயிர் செய்யாமல் காட்டில் தேடித் தின்றதற்கு அக்கா சொன்ன ‘உழாவுணவு’ எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பறம்பு மலையின் மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் நான்கையும் “உழவர் உழாதன” என்கிறார் கபிலர்; தேடித் தின்ற உணவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? ஆனால் பிள்ளைகள் நிறுத்திக் கேட்பார்கள் என்பதால் முதல் இடத்தில் மட்டும் அதைப் போட்டு, அப்புறம் ‘உணவு தேடல்’ என்றே எழுதுகிறேன்.

விலங்குக்கும் செடிக்கும் ஒரே சொல் வேண்டும், அது ‘பழக்கல்’தான் என்பவர்கள் யானையை நினைத்துப் பாருங்கள். காட்டில் பிடித்த யானையைப் பழக்குகிறோம், அதனால் அதன் இனம் மாறிவிடுவதில்லை. ஆடு அப்படியில்லை, தலைமுறை தலைமுறையாக மனிதர் கையில் வளர்ந்து இனமே மாறியது. ஆட்டுக்கு ‘வளர்ப்பினமாக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், நீளம் என்று எனக்கே தெரிகிறது. வியாழன் ராத்திரிக்குள் குட்டையான சொல் ஒன்று யாராவது தந்தால் மாற்றிவிடுகிறேன். பயிராக்கத்தை மட்டும் விடமாட்டேன்.