[கலைச்சொல்] 'ரெஜிம் ஷிஃப்ட்': திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

திருச்சி, வெள்ளி காலை

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

கல்லூரிக் கடலியல் பாடநூலின் ஒன்பதாம் இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கள் மாலை கோப்பு அச்சுக்குப் போகிறது. இயலின் தலைப்பிலேயே சிக்கிக்கொண்டேன்: 'ரெஜிம் ஷிஃப்ட்'. எனக்கு முன் இதைத் தொட்டவர் 'ஆட்சி மாற்றம்' என்று எழுதியிருக்கிறார். மாணவர் மனத்தில் தேர்தல்தான் வந்து நிற்கும்.

பொருள் இது. 1976–77 குளிர்காலத்தில் வட பசிபிக்கில், அலூசியத் தீவுகளின் பக்கம் குளிர்காலத்தில் நிலைகொள்ளும் காற்றுத் தாழ்வழுத்தம் வலுத்தது. காற்று மாறியது, அலாஸ்காக் கரையோர நீர் சூடேறியது. சில ஆண்டுகளுக்குள் அலாஸ்காவின் கோடியாக் தீவுப் பக்கம் இறால் நிறைந்துவந்த இழுவலையில் காட், பொல்லாக், தட்டைமீன் என்று வரத் தொடங்கின. அலாஸ்காவில் சால்மன் பெருகியது. தெற்கே வாஷிங்டன், ஓரிகன் கரைகளில் குறைந்தது. ஓரிரு மீன்களோடு போகாமல் உணவுவலையே வேறாகி, ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றது. திடீரென்று நடப்பது, எல்லாவற்றையும் தொடுவது, நீடிப்பது ஆகிய மூன்றும் சொல்லில் இருக்கவேண்டும்.

'நிலைமாற்றம்' போதுமா?

கோவை, வெள்ளி நண்பகல்

> 'நிலைமாற்றம்' போதுமா?

போதாது அம்மா. முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தியவன் சொல்கிறேன். பனிக்கட்டி நீராவதை நிலைமாற்றம் என்று பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிறார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பதை நாமே மீறக்கூடாது. 'அமைவுப் பெயர்ச்சி' என்று வைக்கலாம். இடப்பெயர்ச்சி ஏற்கனவே பழகிய சொல்.

நாகர்கோவில், வெள்ளி மாலை

ஐயா, பெயர்ச்சி என்றதும் என் வகுப்பில் சனிப்பெயர்ச்சி, குருப்பெயர்ச்சிதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்தப் பெயர்ச்சிகளெல்லாம் நாள் குறித்து வருபவை, பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே அச்சாகிவிடுபவை. கடலில் நடப்பதோ நடந்து சில ஆண்டுகள் ஆனபிறகுதான் நடந்ததென்று தெரிகிறது. பொருளே தலைகீழாகிவிடும்.

தஞ்சாவூர், வெள்ளி இரவு

அவையோர்க்கு வணக்கம். புதுச்சொல் புனைவானேன்? இளங்கோவடிகள் காடுகாண் காதையில் தந்துவிட்டுப் போயிருக்கிறார்:

முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்

இதைவிட நேரான விளக்கம் எந்தப் பாடநூலில் உண்டு? கதிரவன் வெம்மை காரணம். முறைமை திரிகிறது. இருந்த இயல்பு போய்விட, நிலம் வேறொரு படிவம் கொள்கிறது. 'ரெஜிம்' என்பது முறைமை. 'ஷிஃப்ட்' என்பது திரிதல். ஆகவே 'முறைத்திரிவு'.

வேர் பார்ப்போம். திரிகை, திரி, திருகு, திரும்பு எல்லாம் சுழற்சிப் பொருளன. முறை என்பதிலும் மீள வருதல் உண்டு என்பது என் கருத்து: முறைக்காய்ச்சல், முறைத்தண்ணீர். நன்னூலார் சொன்ன தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றையும் கடலுயிர்களுக்குப் பொருத்திப் பாருங்கள். காட் தோன்றியது, இறால் கெட்டது, இடையில் கடல் திரிந்தது. இன்னும் விரிக்கலாம், இரவாகிவிட்டது.

சென்னை, சனி காலை

புலவர் ஐயா மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் நாளேட்டில் அறிவியல் எழுதுபவனாகக் கேட்கிறேன். 'ரெஜிம் ஷிஃப்ட்' என்றே எழுதினால் என்ன குறை? சுனாமி ஜப்பானியச் சொல். 2004 டிசம்பருக்குப் பிறகு அது புரியாத தமிழர் உண்டா? ஆழிப்பேரலை என்று எழுதினோம், நிற்கவில்லை.

யாழ்ப்பாணம், சனி காலை

நிற்கவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் அண்ணா? எங்கட பக்கம் ஆழிப்பேரலை நினைவேந்தல் என்றுதான் எழுதுகிறோம், படிக்கிறோம். தமிழ்நாட்டில் நிற்காதது தமிழிலேயே நிற்காதது ஆகிவிடாது. மக்களைக் கொண்டுபோன அலைக்கு எங்கள் மொழியிலேயே ஒரு பெயர் இருக்கவேண்டும் என்று விரும்பினோம், இருக்கிறது.

ஆனால் 'திரிபு' என்ற வடிவத்தை மட்டும் தவிருங்கள். கொரோனாக் காலத்தில் வைரசின் திரிபு என்று எழுதி எழுதிப் பழகிவிட்டது. வரலாற்றுத் திரிபு என்றால் பொய் என்று பொருள். 'திரிவு' என்றால் எனக்கு ஒப்புதல்.

தூத்துக்குடி, சனி மாலை

சொல்லைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். காரணத்தைப் பற்றி நான் கொஞ்சம் எழுதுகிறேன், கடலுயிர் ஆய்வுதான் என் வேலை.

இப்படி நடப்பதற்கு ஒரே காரணம் இல்லை. சில இடங்களில் காலநிலையே ஒரு படி தாண்டுகிறது, உயிர்கள் அதைப் பின்தொடர்கின்றன. காலநிலை திரும்பினால் அவையும் ஏறக்குறையத் திரும்பலாம். வேறு இடங்களில் அழுத்தம் மெல்லக் கூடி, ஒரு வரம்பைத் தாண்டியதும் எல்லாம் சரிகிறது. இன்னொரு வாதமும் உண்டு: தற்செயலான வானிலை அதிர்வுகளைக் கடல் தன் வெப்பத்தில் தேக்கிக்கொள்வதாலேயே வரைபடத்தில் படி ஏறியதுபோலத் தோன்றலாம், உண்மையில் படியே இல்லை என்பார்கள். நாம் வைக்கும் பெயர் இவற்றில் ஒன்றின் பக்கம் சாயக்கூடாது.

வட கலிபோர்னியாவைப் பாருங்கள். 2013இல் நட்சத்திர மீன்களுக்கு உருகிச் சாகும் நோய் வந்தது. சூரியகாந்தி நட்சத்திர மீன் கடல் முள்ளெலிகளை (சீ அர்ச்சின்) தின்று அடக்கிவைத்திருந்தது, அது ஏறக்குறைய அழிந்தது. 2014 முதல் 2016 வரை கடல் வெப்ப அலை. கெல்ப் என்னும் பெரும்பாசிக் காடு நலிந்தது, ஊதா முள்ளெலிகள் மிச்சத்தையும் மேய்ந்தன. சுமார் 350 கிலோமீட்டர் கரையில் 90 விழுக்காட்டுக்கு மேல் காடு போயிற்று. பாசியை நம்பியிருந்த அபலோனி என்னும் கடல் நத்தைகள் பட்டினியில் செத்தன; 2018இல் அவற்றைப் பிடிக்கத் தடை வந்தது. பிறகு நீர் குளிர்ந்தது, காடு பெரும்பாலும் திரும்பவில்லை. முள்ளெலி பட்டினியிலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும், முளைக்கும் குருத்தையெல்லாம் தின்றுவிடும். அதைத் தின்னும் இன்னொரு விலங்கான கடல்நீர்நாயை அந்தக் கரையில் ரோம வணிகம் 19ஆம் நூற்றாண்டிலேயே துடைத்துவிட்டது.

ஆகவே புலவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. இளங்கோவின் பாலை மழை பெய்தால் மீண்டும் முல்லையாகிவிடும். இந்தக் கடல் ஆகவில்லையே?

நாகர்கோவில், ஞாயிறு காலை

> இந்தக் கடல் ஆகவில்லையே?

பால் திரிந்தால் மீண்டும் பாலாகுமா தம்பி?

நேற்றிரவு முதல் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாலில் புளிப்பு முன்பே ஏறிக்கொண்டிருக்கும். பார்த்தால் தெரியாது, வெள்ளையாகத்தான் இருக்கும். அடுப்பில் வைத்துச் சூடு ஏறியதும் கண்முன்னே திரிந்துவிடும். அடுப்பை அணைத்துப் பயனில்லை. உங்கள் கலிபோர்னியாவில் நீர்நாய் போனது, நட்சத்திர மீன் போனது எல்லாம் உள்ளே ஏறிய புளிப்பு. வெப்ப அலை அடுப்பு. நல்ல பாலாக இருந்திருந்தால் அதே சூட்டில் பொங்கி அடங்கியிருக்கும். எந்தச் சமையலறையிலும் புழங்கும் சொல் இது. புரியாது என்று யாரும் சொல்லமுடியாது.

இளங்கோவைப் பாடநூலில் போடவேண்டாம், திரிந்த பாலைப் போடுங்கள். சொல் 'முறைதிரிவு'. ஒற்று வேண்டாம்.

தஞ்சாவூர், ஞாயிறு நண்பகல்

பால் உவமை அருமை, ஏற்கிறேன். ஆனால் ஒற்று வேண்டும். முறையினது திரிவு என்பது ஆறாம் வேற்றுமைத் தொகை. குதிரைக்கால், புலித்தலை போல வல்லினம் மிகும்.

நாகர்கோவில், ஞாயிறு நண்பகல்

ஐயா, முறை திரிந்தது என்னும் எழுவாய்த் தொடரே பெயராகியிருக்கிறது. 'முறைத்திரிவு' என்றால் முறைப்படி திரிவது என்று படிக்க இடமுண்டு.

சென்னை, ஞாயிறு மாலை

நான் எதிர்க்கவில்லை. தலைப்பில் 'ரெஜிம் ஷிஃப்ட்' என்பதும் உடன் இருக்கட்டும். பிள்ளைகள் இணையத்தில் தேடவேண்டும்.

கோவை, ஞாயிறு இரவு

பெரும்பான்மை எப்படியோ போகட்டும். பெயர்ச்சி என்பது அறிவியல் சொல், சோதிடர்க்கு அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

திருச்சி, திங்கள் மாலை

அனைவருக்கும் நன்றி. தலைப்பு 'முறைதிரிவு', கீழே சிறிய எழுத்தில் 'ரெஜிம் ஷிஃப்ட்'. முதல் பத்தியில் பால் வருகிறது. ஒற்று போடவில்லை; புலவர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். கோப்பு ஐந்து மணிக்குப் போய்விட்டது.

தூத்துக்குடி, திங்கள் இரவு

அக்கா, கலிபோர்னியாவுக்கு இந்தச் சொல்லை முழுமனதோடு ஏற்கிறேன். அலாஸ்காவுக்கு இல்லை. அங்கே காலநிலை மாறியது, கடல் அதைப் பின்தொடர்ந்தது. பால் திரிந்ததா, பாத்திரம் மாறியதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அடுத்த பதிப்பில் அந்தப் பத்திக்கு மட்டும் வேறு சொல் தேடவேண்டும்.

தஞ்சாவூர், திங்கள் இரவு

மெய்ப்பு வருமல்லவா? அப்போது ஒற்றைப் பற்றி மீண்டும் எழுதுகிறேன்.