தக்காளி தொக்கு 20 நாள்ல பூசணம் புடிச்சிருச்சு, 3 மாசம் கெடாம இருக்க எப்படிக் கிண்டறதுங்க?

உடுமலை மைனா:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க அண்ணன் தோட்டத்துல தக்காளி போட்டிருக்காரு, இப்ப சந்தைல 14 கிலோ பெட்டியை 70 ரூவாய்க்குக் கேக்கறாங்க, பறிக்கற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கூட கட்டலைன்னு செடியிலயே விட்டுட்டாரு. போன வாரம் ஊருக்குப் போனப்ப வரப்பு ஓரமெல்லாம் பழுத்து விழுந்து கெடக்கறதைப் பாத்து மனசே கேக்கல, 2 பெட்டி பறிச்சு கார்ல போட்டுட்டு வந்துட்டேன். 2023 ஜூலைல இதே தக்காளி கிலோ 100 ரூவாயைத் தாண்டி ரேஷன் கடைல 60 ரூவாய்க்கு வித்தாங்களே, அப்ப ஒரு பழம் அழுகினா கூட பாதியை வெட்டி எடுத்து வெச்ச ஆளுங்க நாம.

விசயம் என்னன்னா, பொண்ணு சென்னைல ஹாஸ்டல்ல இருக்கா, ரூம்ல ஃப்ரிட்ஜ் கெடையாது. போன தடவை 5 கிலோ தக்காளியை மிக்சில அடிச்சு, பெரிய போசில ஊத்தி, உரிச்ச பூண்டு ஒரு கால் கிலோ முழுசு முழுசா போட்டு ஒண்ணரை மணி நேரம் கிண்டினேன். எண்ணெய் மேல மிதந்துச்சு, சரி ஆயிருச்சுன்னு எறக்கிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சூட்டோடயே பாட்டில்ல போட்டு மூடி குடுத்து அனுப்பிட்டேன். 20 நாள்ல மேல வெள்ளையா பூசணம், ஒரு பாட்டில் மூடியைத் தொறந்தா டுஸ்ஸுன்னு காத்து வந்து கள்ளு மாதிரி வாசம் அடிச்சுதாம். அவ மேலாப்புல வழிச்சுப் போட்டுட்டு மிச்சத்தை 2 நாள் சாப்பிட்டேன்னு சொன்னப்ப எனக்கு திக்குன்னு ஆயிருச்சு. நல்லவேளை ஒண்ணும் ஆகல.

இந்தத் தடவை வெளிய வெச்சாலும் 3 மாசம் தாங்கணும். எங்க தப்பு பண்ணினேன், எத்தனை உப்பு எத்தனை எண்ணெய், பூண்டு போடலாமா, அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.


தாமிரபரணிக்காரி:

மைனா, எண்ணெய் மிதந்ததைப் பாத்து எறக்கினேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் ஏமாந்துட்டீங்க. எண்ணெயை முதல்லயே நெறைய ஊத்தினா அது அரை மணி நேரத்துலயே மிதக்க ஆரம்பிச்சிரும், கீழ தண்ணி அப்படியே இருக்கும். மிதக்கறது வேற பிரியறது வேற. எங்க மாமியார் எனக்கு இதைச் சொல்லித் தரும்போது கண்ணை மூடிட்டு சத்தத்தைக் கேளுன்னு சொல்லுவாங்க. தண்ணி இருக்கற வரைக்கும் களக் களக்குன்னு கொதிக்கும், அப்புறம் கெட்டியானதும் பொத் பொத்துன்னு வெடிச்சு கை மேலயெல்லாம் தெறிக்கும், அந்த நேரத்துலதான் எல்லாரும் பயந்து அடுப்பை அணைச்சிருவாங்க. அணைக்கவே கூடாது. தீயைக் குறைச்சு, நீளக் கைப்பிடி கரண்டியா எடுத்துக்கிட்டு இன்னும் கிண்டினா தெறிக்கறது தானா நின்னு, ஓரமெல்லாம் சர்ருன்னு எண்ணெய்ல பொரியற சத்தம் வரும். அப்ப கரண்டியால சட்டி நடுவுல ஒரு கோடு இழுத்துப் பாருங்க. கோடு உடனே மூடிக்கிட்டா ஆகல. கோடு அப்படியே நின்னு அதுக்குள்ள செக்கச்செவேல்னு எண்ணெய் மட்டும் ஊறி வந்தா ஆயிருச்சு. சந்தேகமா இருந்தா ஒரு ஸ்பூன் எடுத்து தட்டுல வெச்சு 5 நிமிசம் விட்டுப் பாருங்க, சுத்தி தண்ணி கசியக்கூடாது.

அடுத்தது 5 கிலோவை ஒரே போசில போட்டது. ஆழமான பாத்திரத்துல ஆவி போக வழியே இல்ல, ஒண்ணரை மணி நேரம் எல்லாம் பத்தவே பத்தாது. வாயகண்ட சட்டில 2 கிலோ 2 கிலோவா போடுங்க. அலுமினியத்துல வேண்டாம், இரும்புலயும் வேண்டாம், புளிப்பு பட்டா கறுத்து ஒரு மாதிரி துரு ருசி வந்துரும், அடி கனமான எவர்சில்வர்தான் நல்லது.

என் அளவு 1 கிலோ நாட்டுத் தக்காளிக்கு: கல்லுப்பு 2 டேபிள்ஸ்பூன், புளி 50 கிராம், மிளகாத்தூள் 50 கிராம், மஞ்சத்தூள் 1 டீஸ்பூன், நல்லெண்ணெய் 200 மில்லி, வறுத்துப் பொடிச்ச வெந்தயம் 1 டீஸ்பூன், பெருங்காயம், கடுகு. வெல்லம் ஒரு சின்னத் துண்டு, அது உங்க இஷ்டம். உப்பு பாக்க ஜாஸ்தியா தெரியும் ஆனா கணக்கு பச்சைத் தக்காளிக்கு இல்ல, 1 கிலோ சுண்டி அரைக் கிலோவுக்கும் கம்மியாதான் வரப்போகுது, கடைசில நாக்குல சுருக்குன்னு இருக்கணும். சாதத்துல பிசையும்போது சரியா வந்துரும்.

தக்காளியைக் கழுவி துணில ஈரம் போகத் தொடச்சு ஒரு மணி நேரம் ஃபேன் அடில பரப்பி வைங்க. காம்புக்குழியை வெட்டி எடுத்துருங்க, வெடிப்பு விட்டது, கறுப்புப் புள்ளி விழுந்தது எதையும் தொக்குல சேக்காதீங்க, அதெல்லாம் அன்னைக்கே ரசத்துக்குப் போகட்டும். அரைச்சு ஊத்தாம நறுக்கிப் போட்டு, புளியைத் தண்ணில கரைக்காம கொட்டை கோது நீக்கி அப்படியே பிச்சுப் போட்டு எண்ணெய் இல்லாமலேயே முதல்ல வேக விடுங்க. தக்காளி விடற தண்ணியே போதும். வெந்ததும் ஆற வெச்சு அரைச்சு, அதுக்கப்புறம் பாதி எண்ணெயை ஊத்தி கிண்டுங்க. மிச்சப் பாதில கடுகு பெருங்காயம் தாளிச்சு, அடுப்பை அணைச்சு ஒரு நிமிசம் கழிச்சு மிளகாத்தூளைப் போட்டு, உடனே தொக்குல கொட்டி இன்னும் 10 நிமிசம் சிறுதீல வைக்கணும். கொதிக்கற எண்ணெய்ல தூளைப் போட்டா கருகி நெறம் போயிரும்.

சூட்டோட மூடினதும் பெரிய தப்பு. மூடி உள்பக்கம் முத்து முத்தா வேர்த்து, அந்தத் தண்ணி சொட்டி மேல விழுந்த எடத்துலதான் பூசணம் முதல்ல வந்திருக்கும். வெள்ளைத் துணியால வாயைக் கட்டி ராத்திரி பூரா ஆறட்டும், காலைல கண்ணாடி பாட்டில்ல போட்டு மேல ஒரு விரக்கடை காய்ச்சி ஆறின நல்லெண்ணெய் நிக்கற மாதிரி ஊத்துங்க. பாட்டிலை முந்தின நாளே கழுவி வெயில்ல கவுத்து காய வெச்சிருக்கணும். முக்கியமா ஒரே பெரிய பாட்டிலா அனுப்பாதீங்க. 200 கிராம் பிடிக்கற மாதிரி சின்ன சின்ன பாட்டில்ல போட்டா ஒண்ணு முடிஞ்ச பிறகுதான் அடுத்ததைத் தொறப்பா, ஹாஸ்டல்ல நாலு பேர் ஈர ஸ்பூனை விட்டு எடுத்தாலும் ஒரு பாட்டிலோட போயிரும்.


ஆய்வகத் தோழன்:

நான் ஊறுகாய் தயாரிக்கற ஒரு இடத்துல தரக்கட்டுப்பாடு பாக்கறேன். மேல சொன்ன அக்கா முறை அருமை, அதோட 2 விசயம் மட்டும் சேத்துக்கறேன், ஒண்ணு உங்க பொண்ணு சாப்பிட்டது, ஒண்ணு பூண்டு.

பூசணத்தை மேலாப்புல எடுத்துட்டு மிச்சத்தைச் சாப்பிடற பழக்கம் நம்ம வீடுகள்ல நெறைய இருக்கு, தயவுசெஞ்சு பொண்ணுகிட்ட கண்டிப்பா சொல்லுங்க. கண்ணுக்குத் தெரியற வெள்ளை மேல மட்டும்தான், அதோட இழைங்க உள்ளயும் போயிருக்கும். அது மட்டும் இல்ல, பூசணம் தக்காளியோட புளிப்பைத் தின்னுட்டு வளரும், புளிப்பு குறைஞ்சா இதுவரைக்கும் வளர முடியாம இருந்த மத்த கிருமிக்கு எடம் கெடைச்சிரும். டுஸ்ஸுன்னு காத்து வந்த பாட்டில்ல ஈஸ்ட் நொதிச்சிருக்கலாம், ஆனா மூடி உப்பின பாட்டிலை என்ன காரணம்னு ஆராயாம, ருசி கூட பாக்காம கொட்டிரணும்.

பூண்டு விசயம் இதைவிட பெருசு. எண்ணெய் மேல நின்னா காத்து படாது, பூசணத்துக்குக் காத்து வேணும், அதனால அந்த வரைக்கும் எண்ணெய் நல்லது. ஆனா காத்து இல்லாத எடத்துலதான் வளர்ற ஒரு கிருமி இருக்கு, கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். மண்ணுல இருக்கறது, மண்ணுக்குள்ள விளையற பூண்டோட ஒட்டிக்கிட்டு வரும், அதோட வித்து 100 டிகிரில கொதிக்க வெச்சாலும் சாகாது. அது விடற நஞ்சுக்கு வாசம் கெடையாது, ருசி கெடையாது. அதைத் தடுக்கறது புளிப்புதான், புளிப்பை அளக்கற பிஎச்னு ஒரு எண் இருக்கு, எண் குறைய குறைய புளிப்பு ஜாஸ்தி, அது 4.6க்குக் கீழ இருந்தா அந்த வித்து முளைக்காது. தக்காளி ரகத்தைப் பொறுத்து சுமாரா 4.3லேந்து 4.9 வரைக்கும் இருக்கும், அதாவது எல்லைக்கோட்டு மேலயே நிக்கற காய், ரொம்ப கனிஞ்சிருச்சுன்னா புளிப்பு இன்னும் குறையும். புளிப்பு கம்மியான பெங்களூர் தக்காளி போடறவங்க புளியைக் குறைக்கவே கூடாதுன்னு நான் சொல்றது இதனாலதான். புளி ருசிக்கு மட்டும் போடறதுன்னு நெனச்சுக்கிட்டு பாதியாக்கிராதீங்க. முழுப் பூண்டுப் பல்லோட நடுவுல புளிப்பு ஊற நாளாகும். ஃப்ரிட்ஜ் இல்லாத எடத்துக்கு அனுப்பற பாட்டில்ல பூண்டு வேண்டாம், வீட்ல ஃப்ரிட்ஜ்ல வைக்கறதுக்குத் தனியா போட்டுக்கோங்க.


உடுமலை மைனா:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க, பூண்டு பத்தி இத்தனை நாள் எனக்குத் தெரியவே தெரியாதுங்க, எங்கம்மா காலத்துலேந்து போட்டுட்டு வர்றோம். இன்னொரு சந்தேகம், பக்கத்து வீட்டு அக்கா, கெடாம இருக்கப் போடற சோடியம் பென்சோயேட் பொடி ஒரு சிட்டிகை போட்டா போதும், இத்தனை கிண்டவே வேண்டாம்ங்கறாங்க. போடலாமா? அப்புறம் 2 பெட்டியையும் தொக்கா கிண்ட என்னால முடியும்னு தோணல, வேற வழி இருந்தா சொல்லுங்க.


ஆய்வகத் தோழன்:

வீட்ல வேண்டாங்க. அது கிலோவுக்கு மில்லிகிராம் கணக்குல எடை போட்டு சேக்கற பொருள், சிட்டிகை கணக்கே சரிப்படாது. சரியா கிண்டாத தொக்கை அது காப்பாத்தவும் செய்யாது. பயமா இருந்தா எறக்கறதுக்கு முன்னாடி கிலோவுக்கு 2 டேபிள்ஸ்பூன் வினிகர் ஊத்தி 5 நிமிசம் கொதிக்க விடுங்க, வாசம் கொஞ்சம் மாறும், ஒரு வாரத்துல அடங்கிரும்.


குண்டூர் மருமக:

நான் சேலம், கட்டிக்கிட்டது குண்டூர்ப் பக்கம். இங்க அடுப்புல கிண்டாமலே வருசம் பூரா வெக்கறாங்க, நில்வ பச்சடின்னு பேரு. உங்களுக்கு வெயில் நல்லா இருந்தா பாதித் தக்காளிக்கு இதைப் பண்ணுங்க. கெட்டியான பழமா பாத்து நாலா வெட்டி, உப்பும் மஞ்சளும் போட்டு பீங்கான் ஜாடில 2 ராத்திரி மூடி வெச்சிரணும். மூணாம் நாள் பாத்தா துண்டெல்லாம் தண்ணில மிதக்கும். துண்டை மட்டும் கையால பிழிஞ்சு எடுத்து வேட்டித் துணில பரப்பி வெயில்ல போடறது, சாறை அகலமான பேசின்ல ஊத்தி மெல்லிசு துணி போத்தி அதையும் வெயில்ல வெக்கறது, புளியை அந்தச் சாறுலயே ஊறப் போட்டிருவாங்க. தண்ணி ஒரு சொட்டு கூட வெளிய இருந்து சேராது, அதுதான் இதுல விசேஷம். 2, 3 நாள்ல துண்டு சுருங்கி பேரீச்சம்பழம் மாதிரி இழுத்தா ரப்பரா வரும், அப்ப சாறு புளி எல்லாத்தையும் சேத்து மிளகாத்தூள், வறுத்த வெந்தயப்பொடி போட்டு அரைச்சு ஜாடில அமுக்கி வெச்சிருவாங்க. தாளிக்க மாட்டாங்க. வேணுங்கறப்ப ஒரு கிண்ணம் எடுத்து அதுக்கு மட்டும் எண்ணெய்ல கடுகு, காஞ்ச மிளகா, பூண்டு தாளிச்சுக்குவாங்க. பூண்டு பிரச்சினையும் இதுல வராது பாருங்க. ஆனா மேகமூட்டமா இருந்தா ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க, எனக்கு ஒரு வருசம் ரெண்டாம் நாள் மழை புடிச்சு 6 கிலோவும் வீணாப் போச்சு.


ஸ்காபரோ சுதா:

நாங்கள் இருக்கிறது கனடாவில, இஞ்ச உங்கட வெயிலுக்கு எங்க போறது. ஓகஸ்ட் கடைசியில வீட்டுத் தோட்டத்துத் தக்காளி எல்லாம் ஒரே நேரத்தில பழுத்துக் கொட்டும், செப்டம்பர் முடியக் குளிர் வந்திடும். நான் எண்ணெய் போட்ட தொக்கை போத்தலில அடைச்சு அவிக்கிறேல்ல, அது சரிவராது எண்டு கனிங் (போத்தலில அடைச்சு அவிச்சுப் பழுதாகாமல் வைக்கிறது) வகுப்பில சொல்லித் தந்தவை. தக்காளியைத் தோல் உரிச்சு, மசிச்சுக் கொதிக்க வைச்சு, அரை லீற்றர் போத்தலுக்கு கடையில விக்கிற லெமன் ஜூஸ் 1 டேபிள்ஸ்பூன் விட்டு, மூடி, போத்தல் மூழ்கக் கொதிதண்ணியில 35 நிமிசம் வைக்கிறது. அதுக்கெண்டு விக்கிற போத்தலும் புது மூடியும் வேணும், பழைய ஜாம் போத்தல் வேண்டாம். உங்களுக்கு அந்த வசதி இல்லையெண்டால் இன்னும் லேசான வழி இருக்கு தங்கச்சி, தக்காளியைச் சும்மா அவிச்சு அரைவாசியாய் வத்த வைச்சு, ஆறினாப்பிறகு பையில போட்டு தட்டையா ஃப்ரீசரில அடுக்கி விடுங்கோ. பிறகு ஆறுதலா, மாசத்துக்கு ஒருக்கால் ஒரு பையை எடுத்துத் தொக்குக் கிண்டினால் மகளுக்கு எப்பவும் புதுசாப் போகும். பாதி தண்ணி முதலே வத்திப்போனபடியால் கிண்டுற நேரமும் மிச்சம்.


உடுமலை மைனா:

5 வாரம் கழிச்சு வந்து சொல்றேனுங்க, மன்னிச்சுக்கோங்க.

28 கிலோல பொறுக்கி எடுத்தது போக 24 கிலோ தேறுச்சு. 8 கிலோ தொக்கு, 2 கிலோ 2 கிலோவா ரெண்டு நாள்ல முடிச்சேன். தாமிரபரணி அக்கா சொன்ன சத்தத்தைக் கேட்டுட்டே நின்னேனுங்க, பொத் பொத்துன்னு அடிக்கற எடத்துலதான் போன தடவை நான் எறக்கியிருக்கேன், அங்க இருந்து இன்னும் 25 நிமிசம் ஆச்சு கோடு நிக்கறதுக்கு. நெறமே வேற, போன தடவை ஆரஞ்சா இருந்துச்சு, இது அரக்கு மாதிரி கருஞ்செவப்பு. 8 கிலோவுக்கு 200 கிராம் பாட்டில் 18 வந்துச்சு, பூண்டு போடல. 4 கிலோ குண்டூர்க்காரங்க முறைல மொட்டை மாடில காய வெச்சேன், இங்க காத்து ஜாஸ்திங்கறதால ரெண்டே நாள்ல காஞ்சிருச்சு, ஆனா தூசி படியாம இருக்க கொசுவலையை மேல கட்ட வேண்டியதாப் போச்சு. மிச்சம் 12 கிலோவை சுதாக்கா சொன்ன மாதிரி வத்த வெச்சு ஃப்ரீசர்ல அடுக்கிட்டேன்.

பொண்ணு நேத்து போன் பண்ணினா. 3 பாட்டில் முடிஞ்சுதாம், நாலாவது தொறந்திருக்காளாம், மூடி உள்பக்கம் ஈரமே இல்லைன்னு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா. ரூம்ல இருக்கற ஒடிசா பொண்ணு சப்பாத்திக்கு இதையே கேக்கறாளாம். அண்ணன்கிட்ட ஒரு பாட்டில் குடுத்தேன், ஒண்ணும் பேசாம சாப்பிட்டுட்டு, அடுத்த பறிப்புல எத்தனை பெட்டி வேணும்னு கேட்டாரு.


தாமிரபரணிக்காரி:

ரொம்ப சந்தோசம் மைனா. பாட்டில் மேல கிண்டின தேதியை எழுதி ஒட்டிருங்க, பழசு முதல்ல போகட்டும். மேல எண்ணெய் குறைஞ்சு தொக்கு வெளிய தெரிஞ்சா காய்ச்சி ஆறின எண்ணெய் கொஞ்சம் ஊத்திக்கச் சொல்லுங்க பொண்ணுகிட்ட.