அறுவை, ரம்பம், பிளேடு: ஒரு ரயில் பயணத்தில் விளங்கிய பொருள்

மதுரையிலிருந்து சென்னைக்கு வைகை எக்ஸ்பிரஸில் வந்துகொண்டிருந்தேன். கொடைரோடு தாண்டுவதற்குள் எதிர் இருக்கைப் பெரியவர், பங்காளியோடு நடக்கும் வரப்புத் தகராறைச் சொல்லத் தொடங்கினார். அக்கறையோடுதான் கேட்டேன். சர்வேயர் வந்து அளந்த கதை திண்டுக்கல்லில் முடிந்தது. திருச்சியில் அதையே முதலிலிருந்து சொன்னார். பிறகு, அளவுச் சங்கிலி பிடித்தவரின் மகள் கல்யாணம். விருத்தாசலத்தில் மீண்டும் அதே வரப்பு.

என் பக்கத்தில் இருந்தவர் தச்சு வேலை செய்பவர். விழுப்புரத்தில் இறங்கும்போது என் காதருகே குனிந்து, "ரம்பம், சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எத்தனையோ முறை கேட்ட சொல்தான். ஆனால் ரம்பம் இழுக்கிறவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அதன் பொருத்தம் உறைத்தது. ரம்பம் போகும், வரும். போன கோட்டிலேயே மறுபடியும் போகும். அந்தப் பெரியவரின் பேச்சும் அப்படித்தான் போய்வந்தது.

1980களில் எங்கள் கல்லூரி விடுதியில் 'அறுவை' என்ற சொல் புழங்காத நாள் கிடையாது. கதிர் அறுப்பதும் கயிற்றை அறுப்பதும் எந்த 'அறு'வோ, அதே வேர்தான். "அறுத்துத் தள்ளிவிட்டார்" என்போம், "பிளேடு போடாதே" என்போம். பேச்சும் அறுவை, பேசுகிறவரும் அறுவை. கடி மட்டும் வேறு. அது மட்டமான சிலேடைக்கு உரியது.

நீளமாகப் பேசினாலே அறுவை ஆகிவிடாது என்பதை நான் அழுத்திச் சொல்வேன். நெல்லைப் பக்கம் என் தாய்மாமன் ஊரில் கோவில் கொடைத் திருவிழாவின்போது வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கும். யாரும் அதை அறுவை என்றதில்லை. நன்னூல் என்ற இலக்கண நூல், ஒரு நூலுக்கு ஆகாதவை என்று பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. கூறியது கூறல் (சொன்னதையே சொல்வது), மற்றொன்று விரித்தல் (வேறொன்றுக்குத் தாவி அதை விரிப்பது), சென்று தேய்ந்து இறுதல் (போகப் போகத் தேய்ந்து முடிவது) ஆகிய மூன்றும் அவற்றில் அடக்கம். அன்று அந்தப் பெட்டியில் மூன்றையும் கேட்டேன். நம் இலக்கணக்காரர்கள் இவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்திருப்பதை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மகள், "சரியான மொக்கைப்பா" என்றாள். மொக்கை என்றால் முனை மழுங்கியது. மழுங்கிய கத்தியால் அறுத்தால் நேரமும் அதிகம், வலியும் அதிகம். அவள் தலைமுறை புதிதாக ஒரு சொல்லைப் பிடித்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அதுவும் இந்தக் கத்தி, ரம்பத்தின் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் ஓயாமல் பேசுவதை 'அலட்டுவது' என்பார். இங்கே அலட்டல் என்றால் பெருமை அடித்துக்கொள்வது. கொங்குப் பக்கத்திலும் தஞ்சைப் பக்கத்திலும் வீட்டுப் பெரியவர்கள் இப்படி அறுப்பதற்கு என்ன சொல்வார்கள்? தெரிந்தவர்கள், அந்தச் சொல் யார் வாயில், எந்த இடத்தில் வந்தது என்பதோடு சேர்த்து எழுதுங்கள்.