ஃபீனிக்ஸ் சம்பளத் திட்டம்: குற்றம் நிறுவனத்தினுடையதா, அரசினுடையதா?

கணக்குப்பிள்ளை: கனடா அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 2,90,000 பேருக்குச் சம்பளம் வழங்க 2016 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஃபீனிக்ஸ் மென்பொருள், பலரை மாதக்கணக்கில் சம்பளமின்றித் தவிக்கவிட்டது. சிலருக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, வரி பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டது. இதை உருவாக்கிய ஐபிஎம் நிறுவனத்தை விட்டுவிட்டு அரசை மட்டும் சாடுவது நியாயமா?

நிரலாளன்: தலைமைத் தணிக்கையாளரின் 2018 அறிக்கையைப் படித்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள், ஐயா. திட்டத்துக்கு 27.4 கோடி டாலர் ஆகும் என்று 2012-லேயே ஐபிஎம் சொன்னது, ஒதுக்கப்பட்டிருந்ததோ 15.5 கோடி. கூடுதல் நிதி கேட்பதற்குப் பதிலாக அதிகாரிகள் மென்பொருளின் வசதிகளையே வெட்டினார்கள். ஊதிய ஒப்பந்தம் தாமதமாகக் கையெழுத்தாகி முன்தேதியிட்டு அமலாகும்போது அரியர்ஸ் கணக்கிட்டாக வேண்டும். அந்த வசதிகூட வெட்டுக்குத் தப்பவில்லை. ஒரு துறையில் நடத்திப் பார்க்கவிருந்த முன்னோட்டத்தையும் 2015-இல் கைவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை: 80,000-க்கும் மேற்பட்ட சம்பள விதிகள் உள்ள பணியில் இவ்வளவையும் வெட்டினால் என்னவாகும் என்பது அனுபவமுள்ள நிறுவனத்துக்குத் தெரியாதா? தெரிந்தும் தொடர்ந்ததற்குப் பெயர் வணிகம்.

வைகறை: 2009-இல் திட்டத்தைத் தொடங்கியது பிரதமர் ஹார்பரின் கன்சர்வேடிவ் கட்சி அரசு, நடைமுறைக்குக் கொண்டுவந்தது அடுத்து வந்த ட்ரூடோவின் லிபரல் கட்சி அரசு. இருவரில் யாரைச் சொல்கிறீர்கள்?

நிரலாளன்: இந்தக் கேள்வி இரு கட்சிகளுக்கும் தப்பிக்க வழிவிடுகிறது. எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 46 துறைகளில் இருந்த 1,200 சம்பள ஆலோசகர்களின் வேலையை, நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் மிரமிச்சி என்ற சிறு நகரில் 550 பேரிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம், துப்பாக்கிப் பதிவேட்டை மூடுவதால் அங்கு பறிபோகும் வேலைகளுக்கு ஈடுசெய்வது! ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்கெழுதிவிட்ட பிறகு, மென்பொருள் ஓடுமா என்று பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்? பிழையான சம்பளத்தைக் கையால் திருத்தத் தெரிந்தவர்களை முதலிலேயே அனுப்பிவிட்டதால்தான் கோளாறு பேரிடராக மாறியது. அது முழுக்க முழுக்க நிர்வாக முடிவு.

கணக்குப்பிள்ளை: ஆலோசகர்கள் விஷயத்தில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் கோளாறுகளைச் சரிசெய்யவும் அதே நிறுவனத்துக்கே மேலும் பணம் கொடுத்தார்களே, அதை எப்படி ஏற்பது? ‘ஒப்பந்தம் எழுதியது அரசுதானே’ என்பீர்கள். எழுதியவரோடு கையெழுத்திட்டவரையும் விசாரியுங்கள் என்கிறேன்.