ஐரிஷ் மொழியில் பிரெஞ்சுக்காரரின் 'ஃப' எங்கே போகிறது?

மழைக்குடை:
அயர்லாந்தின் கால்வே நகருக்கு வேலைக்கு வந்து இரண்டு ஆண்டாகிறது. மாலை வகுப்பில் ஐரிஷ் படிக்கிறேன். நேற்று 'பிரெஞ்சுக்காரரின் தொப்பி' என்று எழுதச் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர் என்றால் 'ஃப்ராங்கஹ்'. அதை மாற்றாமல் வைத்தேன். திருத்தி வந்ததை வாசித்தால் 'ஹாட்டா அன் ராங்கீ'! முதலெழுத்தை வேறு சிறியதாகப் போட்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

பழம்பஞ்சாங்கம்:
சிறிய எழுத்தில் எழுதினால் அது எலி! முன்பு 'லுஹ் ராங்கஹ்', அதாவது பிரெஞ்சுச் சுண்டெலி என்றார்கள். சுண்டெலி உதிர்ந்துபோய், பிரெஞ்சு மட்டும் நின்றுவிட்டது.

'ஃப' விஷயத்துக்கு வருகிறேன். இன்ன நாட்டார், இன்ன ஊரார் என்பதற்குப் பெரும்பாலும் 'அஹ்' விகுதிதான்: ஏரனஹ் (அயர்லாந்துக்காரர்), ஸாஸனஹ் (இங்கிலாந்துக்காரர்). 'உடைய' என்ற பொருள் வந்தால் அது 'ஈ' ஆகும். கூடவே 'அன்' என்ற சுட்டு (ஆங்கிலத்தின் 'the' போன்றது) முன்னால் நின்றால் முதல் மெய்யும் இளகும். இளகிய 'ஃப' ஒலிக்காது, எழுத்தில் மட்டும் இருக்கும். பன்மையும் 'ஃப்ராங்கீ'தான். ஆனால் 'பிரெஞ்சுக்காரர்களுடைய' என்றால் வால் பழையபடி 'அஹ்' ஆகிவிடும், தலை 'வ' ஆகும்: 'ந வ்ராங்கஹ்' (இந்த 'ந' பன்மைக்கான சுட்டு). ஒருமை பன்மை போலவும் பன்மை ஒருமை போலவும் நிற்கும் இந்தக் கூத்து எனக்குப் பிடிபட ஆறு மாதமாயிற்று.

கெரிவாசி:
எங்கள் மன்ஸ்டர் பக்கம், அதாவது தெற்கு மாகாணத்தில், அந்த 'ஈ'யை 'இக்' என்பார்கள்: ஏரனிக். வகுப்பில் பயந்துவிடாதீர்கள். பெண்ணானாலும் ஏரனஹ்தான், இலக்கணத்தில் ஆண்பால். வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் கதை இன்னும் வேடிக்கை. உலத் என்பது முதலில் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். அது மாகாணத்தின் பெயராயிற்று. பிறகு மாகாணத்துக்காரரைச் சொல்ல அதிலிருந்தே 'உல்டஹ்' வந்தது.

மழைக்குடை:
நன்றி. அப்படியானால் நான் 'இண்டியஹ்'. சுட்டு வந்தால் 'அன் டிண்டியஹ்', பன்மையில் 'ந ஹிண்டியீ'. 'இந்தியர்களின் தொப்பிகள்', 'ஹாட்டீ ந நிண்டியஹ்'. சரிதானே?

பழம்பஞ்சாங்கம்:
சரி. எழுதும்போது 'நிண்டியஹ்' என்பதன் முன்னால் ஒட்டிய 'ந்' சிறிய எழுத்து, அடுத்து வரும் 'இ'தான் பெரிய எழுத்து. இந்த முறை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.